நாலாவது வீலில் காத்து

நேற்று சாயங்காலம் கல்லாக நின்ற பிரேக் பெடல், இன்றைக்கு மத்தியானம் காலை வைத்ததும் மெத்தென்று அமுங்கியது. அவன் காலை எடுத்துச் செருப்பின் அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான். இருபது வருஷமாகப் பெடலை மிதித்துப் பிழைக்கிறவன் செய்கிற வேலையா அது! வெட்கத்தோடு மறுபடி மிதித்தான். பாதி வழிவரைக்கும் ஒன்றுமே இல்லாமல் இறங்கி, அதற்கப்புறம் ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி மெதுவாக எதிர்த்து நின்றது. இன்றோடு ஐந்தாவது நாள்.

பிரேக் லைனில் இருக்கிற எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அவ்வளவுதான் விஷயம். எண்ணெய்க்கு நடுவே ஒரு குமிழ் காற்று புகுந்துவிட்டால், மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே வீணாகப் போய்விடும். காற்றை வெளியே எடுத்தால் பெடல் கல்லாகிவிடும். நாலு நாளும் எடுத்தான். நாலு நாளும் சாயங்காலம் கல். மறுநாள் மத்தியானம் பஞ்சு. எண்ணெய் டப்பாவில் பெயின்டால் போட்டு வைத்த கோட்டுக்குக் கீழே எண்ணெய் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. எங்கேயும் கசிவு இல்லை, ஈரம் இல்லை. எண்ணெய் வெளியே போகாத இடத்தில் காற்று எப்படி உள்ளே வரும்?

வீட்டின் முன்பாதிதான் அவனுடைய ஒர்க்‌ஷாப். நடுவில் ஆள் நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி. வண்டியைக் குழியின் மேல் நிறுத்தி, கீழே இறங்கி நின்று வேலை பார்ப்பான். அதனால் தெருவில் அவனுக்குப் ‘குழியார்’ என்றே பேர். கழுவுகிற தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையை வாசல் பக்கம் லேசாகச் சரித்துப் போட்டிருந்தது. வாசலைத் தாண்டினால் தெரு ஒரேயடியாகக் கீழே இறங்கும். சரிவின் அடியில் கால்வாய்ப் பாலத்தின் கருங்கல் சுவர். அந்தச் சுவரில் இரண்டு கல் மட்டும் புதுசாக வெளுத்திருக்கும். அவன் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கார் அவனுடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன். செத்து எட்டு மாதம் ஆகிறது. முன்பக்கம் நசுங்கிய வண்டியை விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். “அண்ணன் ஞாபகமா எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதாங்க,” என்றாள் அவள். தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தான். போன மாதம் அவளுக்கு லைசென்ஸ் வந்தது. நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, இந்தப் பெடலை நம்பி, அந்தச் சரிவில் அவள் இறங்கப் போகிறாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியதாயிற்று.

அவன் குழிக்குள் இறங்கி, சக்கரத்துக்குச் சக்கரம் எண்ணெய் போகிற ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிளாம்ப் போட்டு இறுக்கினான். நாலையும் இறுக்கிவிட்டு மேலே ஏறிப் போய் மிதித்தால் பெடல் கல். அப்படியென்றால் மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. முன் இரண்டையும் தளர்த்தினான், கல். பின்பக்கம் வலதைத் தளர்த்தினான், கல். பின்பக்கம் இடதைத் தளர்த்தியபோது பெடல் பெருமூச்சு விட்ட மாதிரிக் கீழே போயிற்று.

இடது பின்சக்கரம். அங்கே சிலிண்டர் புதுசு, ஹோஸ் புதுசு, காற்றை வெளியேற்றும் நிப்பிள் புதுசு. எட்டு மாதத்துக்கு முன்னால் அப்படி இல்லை. அன்றைக்கு அந்த நிப்பிள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பலமாகத் திருப்பினால் முறிந்துவிடும், முறிந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், கடை அடைத்தாயிற்று, மச்சானுக்கோ அவசரம். மூன்று சக்கரத்தில் காற்றை எடுத்துவிட்டு, நாலாவதை அப்படியே விட்டுவிட்டான். பெடல் சுமாராக நின்றது.

“நாலு வீலும் எடுத்தாச்சா மாப்ளே?” என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி மச்சான் கேட்டார்.

“எடுத்தாச்சு மச்சான். நீங்க பாட்டுக்குப் போங்க.”

ஒரே மிதிக்கு நிற்க வேண்டிய வண்டி மூன்று மிதி கேட்டது. சரிவு ஒரு மிதிக்குத்தான் இடம் கொடுத்தது. பாலத்துச் சுவரில் மோதிய சத்தம் கேட்டு முதலில் ஓடிப் போனவன் இவன்தான். கதவு திறக்கவில்லை. கண்ணாடி வழியாகக் கையை நீட்டி, “பிடிங்க மச்சான், பிடிங்க!” என்று கத்தினான். அவர் இவனுடைய கையைப் பிடித்தார். மூச்சை ஆழமாக ஒரு தரம் இழுத்தார். அதை வெளியே விடவேயில்லை. பெடலிலிருந்து அவருடைய காலை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மழை ரோடு, வண்டி வழுக்கிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இவனும் தலையாட்டினான். மனைவியிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவள் இந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்பது அவனுக்கு நிச்சயம்.

காற்று எடுப்பது தனியாள் வேலை இல்லை. ஒருவர் குழிக்குள், ஒருவர் பெடலில். கீழே இருப்பவர் குரல் கொடுக்க, மேலே இருப்பவர் அதன்படி செய்ய வேண்டும். மிதி என்றால் மிதிக்க வேண்டும். பிடி என்றால் மிதித்தபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கீழே நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூடுவார்கள். விடு என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் தலையே போனாலும் காலை எடுக்கக் கூடாது. பத்து வருஷம் மேலே உட்கார்ந்தவர் மச்சான். பிடிங்க என்றால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தூங்கிப்போனாலும் கால் அசையாது. தொண்டைக்கு எந்நேரமும் ஒரு புதினா மிட்டாய். “லைன்ல காத்து பிடிச்சிருக்கு மச்சான்,” என்று இவன் சொன்னால் போதும், சிரிப்பார். “காருக்குக் காத்து பிடிச்சா நீங்க எடுப்பீங்க. எனக்குப் பிடிச்சா எவன் மாப்ளே எடுப்பான்?”

நாலு நாளாகப் பக்கத்துக் கடைக்காரரை உட்கார வைத்துச் சமாளித்தான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர் இல்லை. வேறு வழியில்லாமல் மனைவியைக் கூப்பிட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். மகளும் கலர் பென்சில் டப்பாவோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். “இறங்கு குட்டி,” என்றான் அவன். “மழைல எங்க போவா? இருக்கட்டும்,” என்று அவள் கதவைச் சாத்தி லாக் போட்டாள். டிரைவிங் ஸ்கூலில் படித்த பழக்கம். அவன் மூன்று வார்த்தையையும் சொல்லிக் கொடுத்தான்.

“மிதி, பிடி, விடு. இவ்வளவுதானே?” என்றாள். “கல்யாணமாகிப் பத்து வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க சொல்லி நான் கேக்கப் போறேன். நல்லா அனுபவிச்சுக்கோங்க.”

ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது. முன்சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்கினான். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரச் சிமென்ட்டும் கலந்த வாடை. தலைக்கு மேலே கறுப்பாக வண்டியின் அடிவயிறு, அதில் சொட்டுச் சொட்டாக எங்கிருந்தோ கோத்து வந்து விழும் மழைத் தண்ணீர், தகரக் கூரையில் விடாமல் கொட்டுகிற சத்தம். இடது பின்சக்கரத்தின் நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இன்னொரு முனையைப் பாதி எண்ணெய் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டான். குழிக்குள்ளிருந்து மனைவியின் காலைப் பார்க்க முடியாது. ஆனால் அவள் மிதித்தால் பிரேக் லைட் எரிந்து பின்சுவர் முழுக்கச் சிவப்பாகும், விட்டால் அணையும். அதை வைத்து அவன் தெரிந்துகொள்வான்.

“மிதி. மிதி. மிதி. பிடி.”

சுவர் சிவந்தது. “பிடிச்சிருக்கேன்,” என்று மேலிருந்து குரல் வந்தது. நிப்பிளைத் திறந்தான். பாட்டிலில் குமிழ்கள் கொத்தாக வந்தன. மூடினான். “விடு.” சுவர் இருண்டது.

இப்படிப் பத்துத் தடவை. வழக்கமாகப் பத்தாவது தடவைக்குள் குமிழ் நின்று சுத்த எண்ணெய் வரும். வரவில்லை. இருபது தடவை. குமிழ் குறையவில்லை. மேலே மகள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே படம் வரைந்துகொண்டிருந்தாள். இருபத்தி ஓராவது தடவை அசதியில், பழக்க தோஷத்தில், அவனுடைய வாய் தவறிவிட்டது.

“பிடிங்க.”

மேலே அவள் சிரித்தாள். “என்னங்க திடீர்னு இவ்வளவு மரியாதை?” சிரிப்பு பாதியில் நின்றது. “ஏங்க… நான் இன்னும் மிதிக்கல. அதுவா கீழ போகுது.”

சுவர் சிவப்பாக இருந்தது.

“கால் பட்டிருக்கும்,” என்றான். சொன்ன குரல் அவனுக்கே நம்பிக்கையாக இல்லை. “விடு.”

“காலே வெக்கலைங்க!”

“விடு.”

சிவப்பு அணையவில்லை. கூரையில் மழைச் சத்தம் மட்டும். ஒரு சந்தேகம் மனதில் எட்டிப் பார்த்தது; அதை நினைக்கவே பயமாக இருந்தது. வாயைத் திறந்து, சின்னக் குரலில், சொல்லிப் பார்த்தான்.

“விடுங்க.”

சுவர் இருண்டது.

அவன் குழியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். மனைவியை அவன் ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. இந்தக் குழிக்குள் நின்று அந்த மரியாதையோடு அவன் குரல் கொடுத்தது ஒரே ஒருவருக்குத்தான். ஏறி வெளியே போய்விட வேண்டும் என்று தோன்றியது. மனைவி, மகள், இரண்டு பேரையும் இறக்கி, கதவைப் பூட்டி, வண்டியை அப்படியே விட்டுவிட வேண்டும். காலைத் தூக்கிப் படியில் வைத்தான். அப்போது பாட்டிலைப் பார்த்தான்.

நிப்பிள் மூடியிருந்தது. அவன்தான் மூடினான். யாரும் மிதிக்கவில்லை. ஆனாலும் குழாயில் எண்ணெய் மேலே ஏறியது. ஒரு சாண் ஏறி நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, பாட்டிலுக்குள் இரண்டு குமிழ் விட்டது. மறுபடி ஏறியது. நின்றது. இறங்கியது. அவனுடைய நெஞ்சும் அதே தாளத்தில் ஏறி இறங்குவதை அவன் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தான். மூச்சை நிறுத்திப் பார்த்தான். எண்ணெய் நிற்கவில்லை.

குமிழ் உடைந்த இடத்திலிருந்து வாடை வந்தது. பிரேக் எண்ணெயின் வாடை இல்லை.

புதினா.

“நாலு வீலும் எடுத்தாச்சா மாப்ளே?”

மேலிருந்து வந்த குரல் மனைவியுடையதுதான். சந்தேகமே இல்லை.

“என்ன சொன்ன?” என்றான்.

“நானா? ஒண்ணும் சொல்லலையே,” என்றாள் அவள். “ஏங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. போதும், நாளைக்குப் பாத்துக்கலாம். நான் இறங்கறேன்.”

“இறங்கு. குட்டியையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள போ.”

கதவுப் பிடியை ஆட்டும் சத்தம். மறுபடி ஆட்டும் சத்தம். “லாக் வரமாட்டேங்குதுங்க.”

சுவர் சிவந்தது. அணைந்தது. சிவந்தது. அணைந்தது. மிதி, மிதி, மிதி. சொல்லாமலே. பிறகு சிவப்பு அப்படியே நின்றது. வேலை தெரிந்த ஆள் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைப் போல.

எட்டு மாதமாகக் காத்திருக்கிறார். அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு இவன் பிடிங்க என்று சொன்னான். அவர் பிடித்தார். மூச்சையும் சேர்த்துப் பிடித்தார். விடுங்க என்று இவன் சொல்லவேயில்லை.

ஸ்பேனரை நிப்பிளில் மாட்டினான். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. சொல்லிவிட வேண்டும். மேலே அவள் இருக்கிறாள், கேட்டுவிடுவாள். கேட்கட்டும். அவர்கள் இரண்டு பேரும் வெளியே வந்தால் போதும்.

“நாலாவது வீல் எடுக்கல மச்சான்,” என்றான். “மூணுதான் எடுத்தேன். எடுத்தாச்சுன்னு பொய் சொன்னேன். என்னாலதான் நீங்க போனீங்க. மன்னிச்சிருங்க.”

கூரையில் மழை. மேலே மகளின் பென்சில் சத்தமும் நின்றிருந்தது.

“என்னங்க சொன்னீங்க?” என்றாள் மனைவி.

அவன் நிப்பிளைத் திறந்தான். “விடுங்க மச்சான். போதும். விட்டுடுங்க.”

பாட்டில் கொதித்தது. குமிழ் குமிழாக இல்லை, ஒரே நீளமான மூச்சாகக் காற்று வந்துகொண்டேயிருந்தது. எண்ணெய் பொங்கி அவனுடைய கையில் வழிந்தது. குழி முழுக்கப் புதினா. குழி நிரம்பி, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே மேலே ஏறி, அந்தக் காற்று அவனுடைய முகத்தைத் தொட்டுக்கொண்டு போயிற்று. பிறகு குழாயில் சுத்த எண்ணெய். ஒரு குமிழ்கூட இல்லை. நிப்பிளை இறுக்கி மூடினான். சுவர் இருண்டது.

மேலே மனைவி மூச்சை இழுத்தாள். அவன் சொன்னது அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அண்ணனைக் கொன்றது யார் என்று தெரிந்துகொண்ட ஒரு பெண் இழுக்கிற மூச்சு அது. அந்த மூச்சு வெளியே வரும், அதோடு அழுகையும் திட்டும் வரும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

வரவில்லை.

“அம்மா?” என்றது மகளின் குரல். “அப்பா, அம்மா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விளையாடறா.”

மேலே ஹேண்ட் பிரேக் டக்கென்று இறங்கியது.

செங்கல் நொறுங்கியது. தலைக்கு மேலே வண்டியின் அடிவயிறு நகர்ந்தது. முதலில் ஒரு விரல் அளவு வெளிச்சம். பிறகு ஒரு சாண். பிறகு முழுவதும். அவன் குழியின் விளிம்பைப் பற்றித் தாவினான். முழங்கால் இடித்தது. எண்ணெய்க் கை வழுக்கியது. மறுபடி தாவினான். என்ஜின் சத்தம் இல்லை. சரிந்த தரையில் வண்டி பூனையாக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“பிடி!” என்று கத்திக்கொண்டு ஓடினான். “பிரேக்கைப் பிடி!”

நிற்கவில்லை. முன்சக்கரம் சரிவில் இறங்கியது. கீழே பாலம். வெளுத்த இரண்டு கல்.

“பிடிங்க! பிடிங்க மச்சான்!”

இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன. ஒரே மிதி. வண்டி இருந்த இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. அவன் கையால் காற்றெடுத்த பிரேக். இதைவிட நல்ல பிரேக்கை அவன் வாழ்நாளில் அமைத்ததில்லை.

மழையில் ஓடிப் போய்க் கதவை இழுத்தான். திறக்கவில்லை. பின்கதவு. திறக்கவில்லை. கண்ணாடியைக் கையால் அறைந்தான். மகள் இப்போது விளையாட்டு என்று நினைக்கவில்லை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய மூச்சு பட்டுக் கண்ணாடியில் பனிப்படலம் படர்ந்து படர்ந்து மறைந்தது. முன்கண்ணாடி பளிச்சென்று சுத்தமாக இருந்தது. அங்கே ஒரு துளிப் பனிப்படலமும் இல்லை.

மனைவி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். வலது கால் பெடலை மிதித்தபடி விறைத்திருந்தது. நெஞ்சு நிரம்பி மேலே ஏறி, அப்படியே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நீலம் பாய ஆரம்பித்தது. கண் மட்டும் அவளுடையது. அது அவனைப் பார்த்துக் கெஞ்சியது.

விடுங்க. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அவள் மூச்சை விடுவாள். பெடலையும்.

வாயைத் திறந்தான். மூடினான். கீழே பாலத்துச் சுவர் மழையில் மினுங்கியது. மகளின் பக்கத்துக் கண்ணாடியில் பனிப்படலம் படர்ந்தது, மறைந்தது. இரண்டு சிவப்பு விளக்கும் ஈர ரோட்டில் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன. நீலம் ஏறிய முகத்தோடு அவள் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.